குண்டானுக்குக் குரல் கொடுத்தவன்

இதை என் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். எழுந்ததும் சர்க்கரை மாத்திரையைத் தேடி, அதைத் தேடக் கண்ணாடியைத் தேடி, கண்ணாடி நெற்றி மேலேயே இருப்பதைக் கண்டு தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவர்களுக்கு. சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும். ஆனால் டீவிப் பெட்டிக்கு மரக்கதவு இருந்தது, அதற்குச் சாவி இருந்தது, அந்தச் சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது என்றெல்லாம் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இப்போது யாரோடும் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை.

நாங்கள் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை. அண்ணன் பேச்சோ பக்கத்துச் சேக்காட்டுப் பையன்களோடு சுற்றிச் சுற்றி முழு மெட்ராஸ் ஆகிவிட்டது. வீட்டுக்குள் அவன் "இன்னா" என்று வாய் திறந்தாலே அப்பாவுக்கு முகம் கறுத்துவிடும்.

"என்னலே பேச்சு இது? கீது, கினுன்னுக்கிட்டு? வாயக் கழுவிட்டு வா" என்பார். அண்ணன் நிஜமாகவே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவான். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரிப்பாள்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடைக்காலம். பேட்டைக்குக் கேபிள் வந்த புதிது. மாடியில் குடையைக் கவிழ்த்து வைத்ததுபோல் பெரிய தட்டு ஒன்றை நிறுத்தி, வீட்டுக்கு வீடு கறுப்பு ஒயர் இழுத்திருந்தார் ஒருவர். அவரை நாங்கள் கேபிள் அண்ணாத்தே என்போம். மாலையில் தன் சொந்தச் சேனலில் ஏதாவது ஒரு படக் கேசட் போடுவார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா இருக்கக்கூடாதே என்று, தட்டு எங்கிருந்தோ பிடித்துக்கொடுத்த ஒரு வெளிநாட்டுச் சேனலை அப்படியே திருப்பிவிடுவார். அதில் ஒரு கார்ட்டூன் வந்தது. ஜப்பானா, சீனாவா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை புரியாது. சிங்கி தட்டுவது போல ஒரு பாட்டு, அப்புறம் யாராவது யாரையாவது துரத்துவார்கள்.

அதில் ஒரு குட்டி பூதம். தொப்பை சரிந்து, தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு திரியும். வானத்தில் மழை ஊற்றும் உத்தியோகம் அதற்கு. முதல் நாளே ஊற்றுகிற பூவாளியைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடி பூமிக்கு இறங்கிவிட்டது. புருஷனை இழந்த ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடையின் பரணில் ஒளிந்து வாழ்கிறது. அந்தக் குடும்பத்துக்காக எப்படியாவது ஒரு மழை பெய்ய வைக்கப் பார்க்கும். பெய்வதெல்லாம் வேறு. ஒரு நாள் தவளை பெய்யும். ஒரு நாள் செருப்பு பெய்யும். ஒரு நாள் ஊறுகாய். இவ்வளவும் நாங்கள் படத்தைப் பார்த்து ஊகித்தது.

எங்கள் வீட்டு டீவி கறுப்பு வெள்ளை. கேபிள் அண்ணாத்தே கடையில்தான் கலர். "பூதம் இன்னா கலருண்ணே?" என்று நான் கேட்டால் அண்ணன், "கத்திரிப்பூ கலரு. தொப்புள் மட்டும் மஞ்சள்" என்பான்.

அண்ணன் எப்போதும் அந்தக் கடையில்தான் கிடப்பான். பத்தாவது பாஸ். அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு, படத்தில் வாய் அசைவதற்கு ஏற்ப அவனாக வசனம் பேசுவானாம். கேபிள் அண்ணாத்தே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார். "நாளைக்கு கரண்ட் கட், கேபிள் வராது" என்று அறிவிக்க அவரிடம் ஒரு மைக் இருந்தது. ஒரு நாள் அந்த வெளிநாட்டுச் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, மைக்கை அண்ணன் வாயருகில் வைத்துவிட்டார்.

அன்று மாலை நான் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டீவியில் பூதம் பரணிலிருந்து எட்டிப் பார்த்தது. "இன்னாமே, தண்ணி லாரி இன்னும் வர்லியா? காலீலேர்ந்து குடத்த வெச்சிகினு ஜனம் நிக்குது" என்றது.

என் கையில் இருந்த வெங்காயம் உருண்டு போயிற்று. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அது அண்ணன் குரல்.

அந்தக் கோடையில் எங்கள் பேட்டையில் நிஜமாகவே தண்ணீர் இல்லை. லாரி வரும் என்று காலையிலேயே குடங்களை வரிசை கட்டி வைத்துவிட்டுப் போவோம். பச்சை, நீலம், வாய் உடைந்த சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வெயிலில் காய்ந்து, கை வைத்தால் சுடும். லாரி வந்ததும் ஒரே சண்டை. இந்தச் சண்டை முழுவதையும் அண்ணன் அந்தக் கார்ட்டூனுக்குள் கொண்டுபோய் வைத்தான். பூதத்தின் தலையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்து அதற்குக் குண்டான் என்று பெயர் வைத்தான். சாப்பாட்டுக் கடைக்கார அம்மா, சேக்காட்டு இட்லிக் கடைக்காரியாகிவிட்டாள். தவளை மழை பெய்தபோது குண்டான், "தண்ணி கேட்டா தவளையத்தான் அனுப்புறானுங்கோ. இன்னாத்த சொல்றது, மேல இருக்கறவனுக்கு எங்க புரியுது" என்றது. எதிர் பிளாக்கில் சிரித்தது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

பத்து நாளில் பேட்டையே குண்டான் பைத்தியமாகிவிட்டது. அந்த அரை மணி நேரம் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. மாவு மில்லுக்கும் டெய்லர் கடைக்கும் விளம்பரம்கூட குண்டான் குரலில்தான் வந்தது. அப்பா அந்த வாரங்களில் இரண்டாம் ஷிப்டு. அவர் வீடு திரும்பும்போது கார்ட்டூனும் முடிந்திருக்கும், படமும் முடிந்திருக்கும். டீவிக் கதவின் சாவியை மட்டும் அம்மா எப்படியோ பேசி வாங்கி வைத்துக்கொண்டாள். "கோயில் நிகழ்ச்சி பாக்கணும்" என்றாளோ என்னவோ. மகன் என்ன செய்கிறான் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. தினமும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பார்த்தவள் அவள்தான்.

ஏன் மறைத்தாள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அப்பா ஓய்வு பெற இரண்டே வருஷம் இருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது, ஊரில் இருந்த துண்டு நிலமும் அத்தை கல்யாணத்தோடு போயிற்று. ஒரே ஒரு வழி உண்டு. மகன் அதே ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டால் வீட்டை அவன் பேருக்கு மாற்றித் தருவார்கள். பிளாக்குக்கு இரண்டு வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதற்கு அண்ணன் அப்ரண்டிஸ் தேர்வில் தேற வேண்டும். ஜூன் மாதம் தேர்வு. அப்பா பழைய கேள்வித்தாள்களை எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுத்துவிட்டு, ஷிப்டுக்குப் போகும்போது தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"படிச்சியாலே?"

"படிக்கிறேம்ப்பா."

இதற்குள் கேபிள் அண்ணாத்தேவின் மச்சான், கப்பலில் வேலை செய்கிறவர், லீவில் வந்தவர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஏதோ துறைமுகத்தில் கிடைத்ததாம். அட்டையில் குண்டான்! இந்தக் கார்ட்டூன் முதலில் படக்கதையாக வந்தது என்றே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மட்டமான தாள், பழைய சாக்கு வாசனை, உள்ளே முழுக்கக் கோழி கிளறியது போல எழுத்து. அண்ணன் அதைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். நானும் அவனும் பாத்திரம் கழுவும் குழாயடியில் உட்கார்ந்து, நம் புத்தகத்தைத் திறப்பது போலவே திறந்து பார்த்தோம்.

முதல் பக்கத்தில் வெறும் வானம். அடுத்து குண்டானும், பெரிய மீசை வைத்த வான அதிகாரி ஒருவரும் மேகத்தில் நிற்கிறார்கள். அப்புறம் கொட்டோ கொட்டென்று மழை. அப்புறம் குண்டான் அழுகிறது, அதிகாரி திட்டுகிறார். கடைசிப் பக்கங்களில் அதிகாரி மட்டும் தன்னந்தனியாகக் கறுப்பு மேகத்தில் நிற்கிறார், கீழே குண்டான் பிள்ளைகளோடு விளையாடுகிறது.

"பாத்தியா, கூட்டினு போக வந்தவரு தனியாவே கிளம்பிட்டாரு. குண்டான் இங்கியே தங்கிடுச்சி" என்றான் அண்ணன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் மைக்கிலேயே சொல்லிவிட்டான், "கவலப்படாதீங்க பசங்களா, குண்டான் எங்கியும் போவாது." பிள்ளைகளெல்லாம் தெருவில் குதித்தார்கள்.

அந்த மீசை அதிகாரி கொஞ்ச நாளில் கார்ட்டூனிலும் வந்தார். அண்ணன் அவருக்குக் கொடுத்த குரலைக் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏலே, பூவாளி எங்கலே? உத்தியோகத்துல சேந்து எத்தன நாளாச்சி? ஒன்னால ஒரு சோலி உருப்படியா நடந்திருக்கா?" அப்படியே அப்பா. மூக்கை உறிஞ்சுவதுகூட அப்பா.

"வேண்டாம்டா. அவுக காதுக்குப் போச்சின்னா வெனையாகிரும்" என்றாள் அம்மா அன்றைக்கு.

"போவாதும்மா. அவருதான் ஷிப்டுல கீறாரே."

மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று நினைத்தான். கேண்டீனை மறந்துவிட்டான். நாலாயிரம் பேர் வேலை பார்க்கிற இடத்தில் சேக்காட்டுக்காரன் இருக்கமாட்டானா?

புத்தகத்தில் பார்த்த கறுப்பு மேகம் முந்தின நாள் முடிவில் வந்துவிட்டதால், மறுநாள்தான் கடைசி நாள் என்று அண்ணன் அறிவித்திருந்தான். அன்று எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பியிலெல்லாம் பிள்ளைகள். வேர்வை நாற்றம், கடலை உருண்டை நாற்றம், யாரோ ஒரு குட்டி என் மடியிலேயே மூத்திரம் போய்விட்டது. அதைத் துடைக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை. டீவியில் வானம் கறுத்தது. மீசை அதிகாரி மேகத்தில் இறங்கி வந்தார். குண்டான் பிள்ளைகளின் பின்னால் ஒளிந்துகொண்டது. அதிகாரி வாயைத் திறந்தார்.

"ஏலே! போதும்லே. எந்திச்சு வா."

வீடே அதிர்ந்தது. எதிர் பிளாக், பக்கத்து பிளாக், எல்லா இடத்திலிருந்தும் சிரிப்பு. "இன்னிக்கு செம்மயா பேசறாம்பா!" என்று ஜன்னலில் தொங்கிய ஒருவன் கையைத் தட்டினான். நானும்தான் சிரித்தேன். அம்மா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குரல் அண்ணனுடையது இல்லை.

டீவியில் அதிகாரியின் வாய் தொடர்ந்து அசைந்தது. சத்தம் இல்லை. குண்டான் ஏதோ பதில் சொன்னது. சத்தம் இல்லை. கேபிள் அண்ணாத்தே பதற்றத்தில் அதை நிறுத்திவிட்டுப் படக் கேசட்டைத் தள்ளிவிட்டார். பிள்ளைகள் "ஏய் ஏய்" என்று கத்தினார்கள், கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

அப்பா பாதி ஷிப்டில் அனுமதி கேட்டு, நேரே கேபிள் கடைக்கு வந்து மைக் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் முன்னால் நடந்து வந்தான், அப்பா பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எல்லோருக்குமே நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கைகால் கழுவிவிட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"கேண்டீன்ல நேத்து வந்த பயலுவகூட 'ஏலே, பூவாளி எங்கலே'ன்னு என்னப் பாத்துச் சிரிக்கானுவ" என்றார் அம்மாவிடம். "இத்தன வருசம் யாருகிட்டயும் ஒரு சொல்லு வாங்குனதில்ல. பெத்த பிள்ள ஊரு கூடி சிரிக்க வச்சிட்டானே."

அண்ணன் சுவரோரம் நின்றான். பிறகு குழாயடியில் நான் தட்டு கழுவும்போது வந்து நின்று என்னிடம் சொன்னான். "நான் அவர கேலி பண்ணலடீ. பெரிய ஆளு ஒருத்தர் பேசணும்னு நெனச்சாலே எனக்கு அவரு கொரல்தான் வருது. வேற வரவே மாட்டேங்குது." இதை நீ அவரிடம் போய்ச் சொல் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். சொன்னானா என்று நான் கேட்கவில்லை. அவன் சொல்லியிருக்க மாட்டான்.

அதோடு கடைக்குப் போவதை நிறுத்தினான். தேர்வு எழுதினான், தேறினான். அந்தப் புத்தகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும். அப்பா ஓய்வு பெற்றார், வீடு அண்ணன் பேருக்கு மாறியது, நாங்கள் தெருவுக்கு வரவில்லை. என் கல்யாணம் அந்த வீட்டிலிருந்துதான் நடந்தது. அப்பா கடைசியாகப் படுத்ததும் அங்கேதான். அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது, அதுதான் பிரச்சினை.

அண்ணனைப் போட்டது பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கிற பெரிய சம்மட்டி இயந்திரத்தில். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள், வைக்கச் சொல்லி அதட்டவும் செய்தார்கள். யாராவது பார்க்கிறபோது வைப்பான், அப்புறம் கழற்றிவிடுவான். "அத வெச்சா என் கொரலு எனக்கே கேக்கல" என்றான், நான் திட்டியபோது. அந்த இடிச்சத்தத்துக்குள் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில், தனக்குத்தானே குண்டானாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான் பாவி. எத்தனை வருஷம் பேசினானோ. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. காது போகப் போகப் பேச்சும் போயிற்று. இப்போது காது மெஷின் இருக்கிறது. அதை வாங்கி வந்த டப்பாவோடு அலமாரியில் வைத்திருக்கிறான்.

அப்பா போன பிறகு அம்மா ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பா, யாரும் கேட்காமலே, "அந்தப் பூதத்துக்கு நல்லாத்தான் பேசுனான், என்ன?" என்றாராம். அண்ணன் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தானாம். நான் அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "என்ன?" என்றான். அந்த வாக்கியத்தைத் தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்றுமில்லை என்றுவிட்டேன்.

போன மாதம் என் மகள் ஃபோனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கத்திரிப்பூ நிறம், மஞ்சள் தொப்புள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பழைய அனிமேம்மா. புக்கும் நெட்ல கெடைக்குது" என்று படக்கதையைத் திறந்து காட்டினாள். பக்கங்கள் தலைகீழாக ஓடின.

"என்னடி பின்னாலேர்ந்து போற?"

"ஜப்பான் புக்கு அப்படித்தாம்மா. நமக்குக் கடைசிப் பக்கம்தான் அவங்களுக்கு மொதப் பக்கம்."

நான் வாங்கிப் பார்த்தேன். அதிகாரி தனியாக மேகத்தில் நின்றது திரும்பிப் போக அல்ல, இறங்கி வர. அப்புறம் திட்டு, அழுகை, மழை. கடைசியில் குண்டானைக் கூட்டிக்கொண்டு அவர் மேலே போகிறார். எதுவும் மிஞ்சாத வெறும் வானம். நாங்கள் பார்த்த முதல் பக்கம். குண்டான் தங்கவே இல்லை. அண்ணன் சொன்னதில் அந்தக் கலர் ஒன்றுதான் சரி.

காட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பிவிட்டு, திருநின்றவூருக்குப் போனேன். அண்ணன் அங்கேதான் சொந்தமாக வீடு கட்டியிருக்கிறான். போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி என்னைப் பார்த்ததும் காபி போட உள்ளே போனாள். நான் கடைசிப் பகுதியைப் போட்டு ஃபோனை அவன் கையில் கொடுத்தேன். பாட்டு அலறியது. அவனுக்கு அது கேட்கவில்லை. எனக்குத்தான் அந்த ஜப்பான் சத்தம் என்னவோ போல இருந்தது, முழுவதுமாகக் குறைத்துவிட்டேன்.

அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. கறுப்பு மேகம் வந்தது. அதிகாரி இறங்கினார், வாயைத் திறந்தார். அண்ணன் உதடு அசைந்தது. "ஏலே! போதும்லே. எந்திச்சு வா." மெதுவாகத்தான் சொன்னான். மூக்கைக்கூட உறிஞ்சினான்.

படத்தில் குண்டான் பிள்ளைகளின் பின்னாலிருந்து வெளியே வந்தது. அது அதிகாரியைப் பார்த்தது, தெருவைப் பார்த்தது, வாயைத் திறந்தது. அன்றைக்குச் சத்தமில்லாமல் போன இடம். காது கேட்காதவர்கள் பேசுவார்களே, அவ்வளவு உரக்க, அந்த வீட்டில் அதற்கு முன் யாருமே கேட்டிராத பதினேழு வயதுக் குரலில் அண்ணன் சொன்னான்.

"இரு நைனா. ஜனம் குடத்தோட நின்னுகினு கீது. இந்த ஒரு மழைய பெஞ்சுட்டு வந்துடறேன்."

உள்ளேயிருந்து அண்ணி, "வேற யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.